பார்க்கலாம் என்று சொல்லாத அக்கா

கிள்ளானில் நாங்கள் இருந்த தாமான் குடியிருப்பில் பெரும்பாலும் வீட்டுக்கு ஒரு நாய் இருந்தது. எல்லார் வாயிலும் ஒரு ‘பார்க்கலாம்’ இருந்தது. கூரை ஒழுகினால் பார்க்கலாம். பிள்ளைக்கு இருமல் என்றால் பார்க்கலாம். நாய் சோறு தின்னாமல் சுருண்டு படுத்திருந்தால் நாளைக்குப் பார்க்கலாம். நானும் அந்தக் கூட்டம்தான், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. பாதி விஷயங்கள் பார்த்துக்கொண்டே இருந்தால் தாமாகவே சரியாகிவிடுகின்றன. ஆனால் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மட்டும் அந்தச் சொல் வாயில் வராது.

அவரை நான் முதலில் பார்த்ததே அவர் எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோதுதான். நாங்கள் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் பிளாக்கி காகிதப்பூச் செடியடியில் எதையோ எட்டி எட்டிக் கடித்துக்கொண்டிருந்தது. நான் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அதன் மூக்கும் வாயும் உப்பிவிட்டன. கண்கள் இடுங்கிப்போயின. என் கணவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பன்றிக்குட்டி மாதிரி இருக்கிறான் என்று சொல்லி, தன் தங்கைக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன். உண்மையிலேயே பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது.

அக்கா பாசாரிலிருந்து கீரைக்கட்டோடு வந்துகொண்டிருந்தவர் நின்றார்.

“என்னா ஆச்சு நாய்க்கு?”

“தேனீ கொட்டிருச்சு போலக்கா. கொஞ்ச நேரம் பார்க்கலாம்.”

“என்னாத்த பார்க்கப் போற?”

கீரையை எங்கள் மதில்மேல் வைத்தார். உள்ளே வந்து, முதல் வேலையாக நாயின் கழுத்துப் பட்டையைக் கழற்றினார். பிறகு அதன் மேலுதட்டைத் தூக்கி ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்த்தார். அதன் மூக்குக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். என் கணவர் இதற்குள் உள்ளே போய்க் காய்ச்சல் மாத்திரை ஒன்றைக் கொண்டு வந்துவிட்டார்.

“மனுஷ மாத்திரை குடுக்காதீங்க தம்பி. சிலது நாயக் கொன்னுடும். எது கொல்லும், எது கொல்லாதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. காடிய எடுக்கிறேன், ஏறுங்க.”

“சும்மா மூஞ்சிதானேக்கா வீங்கியிருக்கு” என்றார் இவர்.

“மூஞ்சி நம்ம கண்ணுக்குத் தெரியுது. தொண்டை தெரியுதா? அது வீங்குச்சுன்னா மூச்சு எங்க போவும்?”

இதற்குமேல் என்ன பேசுவது? காரில் ஏறினோம். கிளினிக்கில் ஊசி போட்டார்கள். இவருக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. “தானாவே வடிஞ்சிருக்கும்தானே டாக்டர்?” என்று கேட்டார். வடிந்திருக்கலாம், வடியாமலும் போயிருக்கலாம் என்றார் டாக்டர். இவர் அக்காவை ஒரு வெற்றிப் பார்வை பார்த்தார்.

“ரெண்டாவதா ஒன்னு சொன்னாரே, அது கேட்டுச்சா தம்பி?” என்றார் அக்கா.

நாங்கள் திரும்பி வருவதற்குள் கீரை வாடிப்போயிருந்தது.

அவருக்கு வைத்தியம் தெரியும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. போர்ட் கிள்ளானில் ஒரு லோரி கம்பெனி ஆபீஸில் வேலை பார்த்தார். எந்த லோரி எந்தக் கிடங்குக்குப் போகவேண்டும் என்று நாள் முழுவதும் ஃபோனில் கத்துகிற வேலை. கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. நான் பார்த்தபோதெல்லாம் அவர் தூங்கிக்கொண்டிருப்பார், அல்லது தூங்கப் போய்க்கொண்டிருப்பார். வேடிக்கை என்னவென்றால், அக்கா வீட்டில் நாயே கிடையாது. ஏன் என்று கேட்டேன்.

“வளர்த்தா வேலைக்கே போக முடியாதும்மா. அது மூஞ்சியவே பார்த்துக்கிட்டு உக்காந்துருப்பேன்.”

இவ்வளவு ஓட்டம் எதற்கு என்று கேட்டால் ஒரே பதில்தான். “எனக்கு ஒன்னும் தெரியாது. தெரியாததாலதான் ஓடுறேன். தெரிஞ்சவங்க வேணும்னா உக்காந்து பார்க்கட்டும்.”

ஃபோனில் கூப்பிடுகிற வாடகை வண்டிகளில் நாயை ஏற்றமாட்டார்கள். நாயின் எச்சில் பட்டால் மார்க்கப்படி கழுவிச் சுத்தம் செய்யவேண்டிய முஸ்லிம் ஓட்டுநர்களைக் குறை சொல்லவும் முடியாது. அதனால் வீட்டில் வண்டி இல்லாத நேரத்தில் எந்த நாய்க்கு என்ன ஆனாலும் எல்லாரும் அக்கா வீட்டு கேட்டைத்தான் தட்டினார்கள். தட்டாதவர்கள் வீட்டுக்கும் அவரே போனார். அதுதான் பிரச்சினை.

எதிர்வீட்டுச் சீன அங்கிளின் நாய்க்கு ஒருநாள் ஒரு பக்கக் கன்னம் புடைத்திருந்தது. அங்கிள் அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். ஈரத் தலையோடு அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு அக்கா பறந்தார். கிளினிக்கில் வாயைத் திறந்து பார்த்தால், உள்ளே ஒரு மாங்கொட்டை. யாராவது பிடுங்கிக்கொள்வார்களோ என்று அந்த நாய் அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்திருக்கிறது. அங்கிள் அதற்குப் பிறகு அக்காவை எங்கே பார்த்தாலும் ஒரு கன்னத்தை உப்பிக் காட்டுவார். தெருவே சிரிக்கும். அக்காவுக்குக் கோபம் வராது.

“சிரிங்க அங்கிள். சிரிக்கிறதுக்கு நாய் உசுரோட இருக்குல்ல?” என்பார்.

இது நாய்களோடு நிற்கிற குணமும் இல்லை. ஃபோன் ஒரு தடவைக்குமேல் மணியடிக்கக் கூடாது, எடுத்துவிடுவார். பால் பொங்கும்வரை அடுப்பருகே நிற்க முடியாது, பொங்குவதற்கு முன்பே அணைத்துவிடுவார். அவருடைய ஒரே மகள், கல்யாணமாகி செமினியில் இருந்தவள், ஒருமுறை என்னிடம் சொன்னாள்: “சின்ன வயசுல நான் விழுந்தா அழறதுக்குள்ள டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிடுவாங்க ஆன்டி. எங்கம்மா என்னைய முழுசா அழவே விட்டதில்ல.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அது முழுக்கச் சிரிப்பில்லை என்று எனக்குத் தெரிந்தது.

இப்படி ஒருவர் இருந்தால் சுற்றியிருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? காரணம் கண்டுபிடித்தார்கள். மூத்த பிள்ளை ஒன்று மூச்சுத் திணறிச் செத்துப்போனதாம் என்றார்கள். இல்லை, தம்பியைப் பாம்பு கடித்தபோது விடியட்டும் என்று காத்திருந்து பறிகொடுத்தாராம் என்றார்கள். ஒவ்வொரு கதையும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. நான் பொறுக்காமல் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

அக்கா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “எனக்கு மூத்த பிள்ளையும் இல்ல, தம்பியும் இல்ல. ஒன்னும் நடக்கலம்மா. ஏதாச்சும் நடந்தாத்தான் ஓடணுமா?”

நடந்தது அதற்குப் பிறகுதான்.

மகள் உண்டாகியிருந்தாள். கல்யாணமாகி நெடுநாள் கழித்து, ஊசி மருந்து என்று எத்தனையோ பட்டு, வந்த பிள்ளை. அக்கா அம்மனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டார். எங்கள் தாமான் முடிகிற இடத்தில், பெரிய கால்வாய்க் கரையில், மாமரத்தடியில் ஓர் அம்மன் கோயில் உண்டு. ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி, சைவம் இருந்து, தரையில் படுத்தார். எதற்கும் காத்திருக்காத மனுஷி இந்தப் பிள்ளைக்காக ஒவ்வொரு நாளாகக் காத்திருந்தார். அதைப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது, என்னவோ பயமாகவும் இருந்தது.

பால்குடத்துக்கு உள்ள கட்டுப்பாடு எல்லாருக்கும் தெரியும். தலையில் ஏற்றிவிட்டால் அம்மன்மேல் ஊற்றும்வரை மண்ணில் வைக்கக் கூடாது. காப்புக் கட்டியவர் தவிர வேறு யார் கைக்கும் மாற்றக் கூடாது.

ஊர்வலம் கோயிலுக்குள் வந்தபோது வெயில் கொளுத்தியது. அக்காவின் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நான் கூட நடந்தேன். மஞ்சள் சேலை, தலையில் குடம், உதட்டில் அம்மன் பெயர். மகள் கூடாரத்தடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வயிறு அப்போதுதான் தெரியத் தொடங்கியிருந்தது. உறுமி மேளம் காதைப் பிளந்தது. அக்காவுக்கு முன்னால் நீண்ட வரிசை நின்றது.

மதிலோரம் பெண்கள் கூட்டமாக நின்று எதையோ கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கோயில் நாய். பிரசாதம் தின்று வளர்ந்த செந்நிற நாய், யாருக்கும் சொந்தமில்லாதது. காலையில் கூடாரம் கட்டும்போது மாமரத்தில் குளவிக்கூடு கலைந்திருக்கிறது. நாயின் முகம் உருத்தெரியாமல் வீங்கி, கண் மூடிப்போயிருந்தது. உடம்பெல்லாம் முத்து முத்தாகத் தடிப்பு. ஆடி மாதம், அம்மன் சன்னிதி, உடம்பில் முத்து. எங்கள் ஆட்கள் இதை வேறு என்னவென்று நினைப்பார்கள்? அம்மா இறங்கியிருக்கிறாள் என்றார்கள். அம்மைக்கு மருந்து கொடுக்கக் கூடாது, இடம் மாற்றக் கூடாது. மூலைவீட்டு ஆன்டி ஒரு வேப்பிலைக் கொத்தை மஞ்சள் கயிற்றில் கோத்து அதன் கழுத்தில் கட்டி, மஞ்சள் நீர் தெளித்துக் கைகூப்பி நின்றார். யாரும் அந்த நாயை அலட்சியம் செய்யவில்லை. கும்பிட்டார்கள். அதுதான் கொடுமை.

அக்கா திரும்பிப் பார்த்தார். அம்மன் பெயர் உதட்டில் நின்றுவிட்டது.

“அது அம்மை இல்ல. மூச்ச கேளுங்க” என்றார். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. குரலை உயர்த்தினார். “யாராச்சும் தூக்கிட்டுப் போங்களேன்! மூச்சு அடைக்குது!”

கோயில் தலைவர் ஓடி வந்தார். நல்ல மனிதர். “அக்கா, நீங்க காப்புக் கட்டியிருக்கீங்க. மனச அங்க விடாதீங்க. அபிஷேகம் முடியட்டும், பார்க்கலாம்.”

நான் போய் நாயருகே குந்தினேன். மெல்லிய குழாய்க்குள் காற்று போவதுபோல் ஒரு விசில் சத்தம் அதன் தொண்டையிலிருந்து வந்தது. கண் தெரியாத பயத்தில் அது என்னைப் பார்த்து உறுமியது. தனியாகத் தூக்க முடியவில்லை. தூக்கினாலும் எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. என் கணவர் அன்று வேலையில் இருந்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

அக்கா மகளைப் பார்த்தார்.

மகள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். கை வயிற்றின்மேல் இருந்தது. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பிறகு அக்கா இரண்டு கையாலும் குடத்தைத் தலையிலிருந்து இறக்கினார். மதில் நிழலில் மண்ணில் வைத்தார். சுற்றி நின்ற பெண்கள் ஐயோ என்றார்கள். அந்த ஒரு சத்தம் மேளத்தையும் மீறிக் கேட்டது.

வீங்கிய கழுத்தில் மஞ்சள் கயிறு புதைந்திருந்தது. அக்கா விரலை விட்டு இழுத்து அறுத்தார். இருவருமாகத் தூக்கினோம். காரில் நாய் என் மடியில் கிடந்தது. அக்காவின் முடியிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்.

“மூச்சு இருக்கா?”

“இருக்குக்கா.”



நாய் பிழைத்தது. ஊசியும் பிராணவாயுவும் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அந்த விசில் சத்தம் அடங்கியது. நாங்கள் கோயிலுக்குத் திரும்பியபோது அன்னதானம் நடந்துகொண்டிருந்தது. பூசாரி குடத்தை எடுத்து ஒரு பலகைமேல் வைத்திருந்தார்.

“மண்ணத் தொட்டத ஆத்தா மேல ஊத்த முடியாதும்மா. மரத்துக்கு ஊத்துறேன். அவ புரிஞ்சுக்குவா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மாமரத்து வேரில் பாலை ஊற்றினார். அக்கா கும்பிட்டுவிட்டுச் சாப்பிடாமல் வீட்டுக்குப் போனார்.

அந்த மாதம் முடிவதற்குள் மகளுக்குப் பிள்ளை கலைந்துவிட்டது.

டாக்டர்கள் ஏதேதோ காரணம் சொன்னார்கள். இப்படி நடப்பது உண்டு, யார் தவறும் இல்லை என்றார்கள். நான் அதைத்தான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் எங்கள் தாமானுக்கு டாக்டர் சொன்னது போதவில்லை. மண்ணில் வைத்த குடத்தை எல்லாரும் பார்த்திருந்தார்கள். மளிகைக் கடையில் அக்கா அரிசி வாங்கிக்கொண்டிருந்தபோது, அவர் காதில் விழவேண்டும் என்றே மூலைவீட்டு ஆன்டி சொன்னார்: “ஒரு நாய்க்காகப் பேரப்பிள்ளைய விட்டுட்டா.”

அந்த வேப்பிலைக் கயிறு யார் கட்டியது என்று கேட்க வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். அரிசியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

மகள் உடம்பு தேற அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அந்த வீட்டில் ஃபோன் அடித்தால் அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்படி அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பார்க்கச் சகிக்கவில்லை. ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன். “நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்களாக்கா?”

அக்கா தெருவைப் பார்த்தபடி சொன்னார்.

“தெரியலம்மா. எது தெரியலன்னாலும் தூக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடிருவேன். இதத் தூக்கிட்டு யார்கிட்ட ஓடுறது?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை.

மகளிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. மகளும் எதுவும் சொல்லவில்லை. இருவரும் ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, அந்தக் குடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் நாட்களைக் கடத்தினார்கள். அக்கா காத்துக்கொண்டிருந்தார் என்றுதான் எனக்குப் பட்டது. மகள் ஒருமுறை வாய்திறந்து திட்டிவிட்டால்கூடப் போதும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

ஒரு சாயங்காலம். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் அவர்கள் வீட்டுக் கார் நிறுத்துகிற இடத்தில் மகளோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா உள்ளே, கிரில் கதவுக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தார். யாரோ வெறுங்காலோடு தண்ணீரில் தடதடவென்று ஓடி வருகிற சத்தம் கேட்டது. மூலைவீட்டு ஆன்டி. துண்டில் சுற்றி, மார்போடு அணைத்திருந்தது அவருடைய சின்ன வெள்ளை நாய். ஒரு கண் இருக்கிற இடமே தெரியவில்லை. உதடு தொங்கிக்கொண்டிருந்தது.

“மகன் காடிய எடுத்துட்டுப் போயிட்டான்” என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. எங்கள் யார் முகத்தையும் பார்க்கவும் முடியவில்லை. மழையில் நின்றார்.

அக்கா எழுந்து வந்தார். கிரில் கதவின் தாழ்ப்பாளில் கையை வைத்தார். வைத்தபடியே நின்றுவிட்டார்.

கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் கோபப்பட்டால் அதுவும் நியாயம்தான் என்றுகூட நினைத்தேன். ஆனால் அக்கா ஆன்டியைப் பார்க்கவில்லை, நாயையும் பார்க்கவில்லை. அவர் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் இருந்தது பயம். இந்தமுறை ஓடினால் இவளிடமிருந்து எது பறிபோகுமோ என்ற பயம். ஊர் சொன்னதை அவர் எவ்வளவு தூரம் நம்பிவிட்டார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நாய் துண்டுக்குள் கரகரவென்று மூச்சிழுத்தது. அக்காவின் கை அசையவில்லை.

மகள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, கிரில் கம்பிகளுக்கு இடையே கையை விட்டு, உள்ளே ஆணியில் தொங்கிய கார்ச் சாவியை எடுத்தாள். ஆன்டியின் கையிலிருந்து நாயை வாங்கினாள். யாரும் சொல்லாமலே அதன் பட்டையைக் கழற்றி மேசைமேல் போட்டாள். காரின் பின்கதவைத் திறந்து, நாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாவியை ஜன்னல் வழியே நீட்டினாள்.

“மா, நின்னுக்கிட்டு இருக்காதம்மா. வா. நான் புடிச்சுக்கிறேன், நீ ஓட்டு.”

அக்கா தாழ்ப்பாளைத் திறந்தார்.